செய்தி வாசிப்பவரின் மனைவி

யார் எதைச் சொன்னாலும், அவர்கள் சொல்லாமல் விட்டது எது என்றுதான் மாமி முதலில் பார்ப்பார். தெருவில் காய்கறிக்காரர் "கத்திரிக்கா பிஞ்சு, அவரக்கா பிஞ்சு" என்று கூவிக்கொண்டு வந்தால், "வெண்டைக்காய் முத்தல் போலிருக்கு" என்பார். இறங்கிப் போய்ப் பார்த்தால் வெண்டைக்காய் முத்தலாகத்தான் இருக்கும். சில நாள் வண்டியில் வெண்டைக்காயே இருக்காது. அதற்கும் மாமி அசரமாட்டார். "அதான் சொல்லலை" என்று சொல்லிவிட்டு, பிஞ்சுக் கத்திரிக்காயை வாங்கிக்கொண்டு மாடியேறுவார்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் தி. நகர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாமி அங்கே மாணவியாக வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர். அரசு அலுவலகம் ஒன்றில் தமிழ்ச் சுருக்கெழுத்தராக இருந்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டவர். மற்றவர்களெல்லாம் அமெரிக்கா போவதற்காகப் படித்தார்கள். மாமி எதற்காகப் படிக்கிறார் என்று முதலில் எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

நிலையத்தின் உரிமையாளரை நாங்கள் சார் என்போம். ஓயாமல் பேசுகிறவர். தினமும் காலையில் வந்ததும் அடுத்த பேட்ச், அதற்கடுத்த பேட்ச், அசோக் நகரில் திறந்திருக்கும் கிளை, இனிமேல் திறக்கப்போகும் கிளை என்று ஒரு சுற்று பேசிவிட்டுத்தான் தன் அறைக்குள் போவார். மாமி சேர்ந்த புதிதில் அவர் ஒரு வாரமாக அடுத்த பேட்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமி என்னைத் தனியாக அழைத்து, வேறு வேலை பார்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் பயந்துபோய் அக்கவுண்டன்டிடம் விசாரித்தேன். சாருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கியிருக்கிறது, பேசினால் வலிக்கிறது என்றார் அவர். அதை மாமியிடம் சொன்னபோது, "பல்லுதானா" என்று கேட்டுவிட்டு விசைப்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நாலைந்து மாதம் கழித்து அசோக் நகர் கிளையை மூடத்தான் செய்தார்கள். மாமி சொன்னது பலித்ததா, பொய்த்ததா என்று எனக்கு இன்றுவரை முடிவு கட்ட முடியவில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் இந்தக் குழப்பம்தான் எனக்கு முதலில் வருகிறது.

ஒரு மத்தியானம் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் மாமி எழுந்திருக்கவில்லை. என்னிடம், கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும் என்று ஏதோ பத்திரிகையில் படித்தேனே, நிஜமா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். கல்லூரியில் கடைசி வருடம் நான் செய்த ப்ராஜெக்ட்டே அதுதான். நியூரல் நெட்வொர்க் என்று பெயர். கையால் எழுதிய எண்களை நூற்றுக்கணக்கில் காட்டி, இது மூன்று, இது எட்டு என்று சொல்லிக்கொண்டே வந்தால், புதிதாக ஒன்றைக் காட்டும்போது அதுவாகவே கண்டுபிடிக்கும். எதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நாம் சொல்வதில்லை, அது தானாக ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினேன். படித்து முடித்த பிறகு அந்தப் படிப்பைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் மாமிதான்.

"அப்போ ரேடியோ செய்தியைக் கொடுத்தா, அதுக்குள்ள என்ன மறைச்சு வெச்சிருக்கான்னு சொல்லுமா?" என்றார்.

எந்த ரேடியோ என்று கேட்டேன். அப்போதுதான் அவர் கணவரைப் பற்றிச் சொன்னார்.

ஒரே கட்சி ஆண்டுவந்த, பனி கொட்டும் ஒரு நாடு அது. பெயரை எழுதாமல் விடுகிறேன், அங்கே அவரோடு வேலை பார்த்தவர்கள் இப்போதும் இருக்கக்கூடும். அந்த அரசாங்கத்தின் வானொலி பல மொழிகளில் சிற்றலையில் ஒலிபரப்பியது. அதில் தமிழும் உண்டு. மாமியின் கணவர் இங்கே ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தவர். குரல் நன்றாக இருந்ததால், செய்தியை மொழிபெயர்க்கவும் வாசிக்கவும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் அங்கே போனார். அந்த இரண்டு வருடம் முடிந்ததும் இன்னொரு இரண்டு, அதன் பிறகு இன்னொன்று என்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆரம்பத்தில் இரண்டு தடவை விடுமுறையில் வந்தார். பிறகு வரவில்லை. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மாமி கூடப் போகவில்லை. மாமியார் காலமான பிறகு, குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்று அவர் எழுதிவிட்டார். குழந்தைகள் இல்லை.

கடிதம் வருமே, அதில் ஒன்றும் இருக்காதா என்று கேட்டேன்.

"எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்தான். சௌக்கியம், பனி ஜாஸ்தி, உடம்பைப் பார்த்துக்கோ. அவா பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அனுப்பறா, அதுல என்ன இருக்கும்? செய்தின்னா அப்படி இல்லை. அதை எழுதறவா எதையாவது மறைச்சாகணும். மறைக்கிற இடத்துல கொஞ்சமாவது மேடு தட்டும்."

அந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமா, கணவர் எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமா என்று நான் திருப்பிக் கேட்டேன். மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டும் வெவ்வேறு கேள்வி என்று அவருக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

மாமியின் வீடு அபிராமபுரத்தில், ஒரு பழைய பங்களாவின் மாடிப் போர்ஷன். சைதாப்பேட்டையில் என் வீட்டுக்குத் திரும்புவதற்கு முன்னால் வாரத்தில் சில நாள் சுற்றிக்கொண்டு அங்கே போய்வருவேன். செய்தி சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். ஆரம்பத்தில் கொரகொரவென்று இரைச்சல்தான் அதிகம் கேட்டது. எங்கள் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவரை ஒருநாள் கூட்டிப்போனேன். அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "ரேடியோ நல்லாத்தாம்மா கீது. கேக்குற நேரத்துக்கு டியூப்லைட்ட அமுத்திடு. அதான் கொர்ருன்னு இழுத்துக்கினு கீது" என்றார். அன்றிலிருந்து விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில்தான் கேட்டோம்.

முதல் தடவை அவர் குரலைக் கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அலை ஏறி இறங்கியது. "வணக்கம். செய்திகள். வாசிப்பவர்" என்று தன் பெயரைச் சொன்னார். கனிவான, அவசரமே இல்லாத குரல். எஃகு உற்பத்தி உயர்ந்திருப்பதாகவும், தலைவர் ஒரு பால் பண்ணையைப் பார்வையிட்டதாகவும் வாசித்தார். மாமி பென்சிலால் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டே வந்தார். கணவரின் பெயரைக்கூட விடவில்லை, அதையும் எடுத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அலுவலகத்தில் ஏதோ ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர் போலத்தான் இருந்தார்.

பல வருடச் செய்திகளை அவர் அப்படி எடுத்து வைத்திருந்தார். அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். அன்று தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொன்றாக இருந்ததால், தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னேன். மாமி மத்தியான வேளைகளில் நிலையத்துக்கு வந்து, காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து அடித்தார். சார் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததால் மாமிக்கு அவர் மேல் சந்தேகம் அதிகமாயிற்று.

நான் புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு நாள் செய்தியையும் அதற்குக் கொடுத்து, கூடவே ஒரு பதிலையும் கொடுத்தோம். அந்தச் செய்தி வந்த சில நாளுக்குள் அந்த நாட்டில் பெரிதாக ஏதாவது நடந்ததா, இல்லையா? அமைச்சர் ஒருவர் காணாமல் போவது, விலை ஏறுவது, ஒரு நகரத்துக்குப் போகும் ரயில்களை நிறுத்துவது, இப்படி. மற்ற நாட்டு வானொலிகளையும் ஆங்கிலப் பத்திரிகைகளையும் வைத்து மாமி இந்தப் பதில்களைக் குறித்து வைத்திருந்தார். மெஷினுக்கு ஒரு முறை பாடம் எடுத்து முடிக்க மத்தியானம் முழுவதும் ஆகும். நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அது கற்றுக்கொண்டது. எனக்கே நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தது. அதற்குக் காட்டாத பழைய செய்திகளைக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலும் சரியாகச் சொன்னது. பிறகு ஒருநாள், முந்தைய நாள் மாலைதான் வந்த செய்தியைக் கொடுத்தோம். கோதுமை அறுவடை, இளைஞர் விழா என்று வழக்கமான செய்திதான். மெஷின் "ஆம்" என்றது. அடுத்த வாரம் அந்த நாட்டின் அமைச்சர் ஒருவர் பதவியில் இல்லை என்று ஆங்கிலப் பத்திரிகையில் கடைசிப் பக்கத்துக்கு முன்பக்கத்தில் சின்னதாக வந்தது. மாமி அந்தப் பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு காலையிலேயே நிலையத்துக்கு வந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அந்தச் செய்தியை நானும் திரும்பத் திரும்பப் படித்தேன். கோதுமைக்கும் அமைச்சருக்கும் நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்டுபிடித்த மெஷினுக்கு அதை விளக்கிச் சொல்லத் தெரியாது.

இந்த நாட்களில்தான் மாமி என் பக்கம் திரும்பினார். ஒருநாள் காபி கொடுத்துவிட்டு, "ஒரு மாசமா நீ உன் ஆத்துக்காரரைப் பத்திப் பேசவே இல்லையே" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். வீட்டுக்குப் போய், ஏதாவது என்னிடம் மறைக்கிறீர்களா என்று கணவரைக் கேட்டேன். அவர் விழித்தார். வளைகுடாவில் வேலைக்கு யாராவது கூப்பிடுகிறார்களா என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்தார். அடுத்த வருடம் உண்மையாகவே விண்ணப்பம் போட்டார். நீ கேட்டதால்தான் எனக்கு அந்த யோசனையே வந்தது என்று பின்னால் சொன்னார். கடைசியில் போகவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு மாமி வீட்டில் நான் என் கணவரைப் பற்றித் தேவைக்கு அதிகமாகவே பேசினேன். இன்று என்ன சட்டை போட்டார் என்பது வரை சொன்னேன். அப்படிச் சொல்வதிலிருந்தும் மாமி ஏதாவது கண்டுபிடித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பிறகு மெஷின் ஒரேயடியாக "ஆம்" என்று சொல்லத் தொடங்கியது. ஒவ்வொரு மாலைச் செய்திக்கும் "ஆம்". வாரக்கணக்கில் இப்படியே போயிற்று. ஆனால் அந்த நாட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மாமி சரியாகச் சாப்பிடவில்லை. பெரிதாக ஏதோ வரப்போகிறது, அவரை உடனே கிளம்பி வரச் சொல்ல வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வது என்று தவித்தார். எனக்கு என் புரோகிராம் மேலேயே சந்தேகம் வந்தது. அது எந்தெந்தச் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். தலைவர், கட்சி, எதிரி, விழிப்பு, இப்படி ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. முதலில் நின்ற சொல் "எனினும்". அடுத்தது "மேலும்". அதற்கடுத்து "தெரிவிக்கப்படுகிறது". "இல்லை" என்ற பக்கத்தில் "ஆனால்" இருந்தது, "என்றார்" இருந்தது.

குப்பையைக் கற்றுக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அவமானமாகப் போயிற்று. மாமியிடம் காட்டி மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் 'எனினும்'னு எழுதவே மாட்டார். மெய்ப்புல வந்தாலே அடிச்சுட்டு 'ஆனால்'னு போடுவார். 'தெரிவிக்கப்படுகிறது'ன்னா ஆத்துல சண்டையே நடக்கும். யார் தெரிவிச்சான்னு கேப்பார்." திரையைத் தொட்டுக் காட்டி, "இது அவர் தமிழ் இல்லைம்மா" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. இத்தனை நாளாக மெஷின் அந்த அரசாங்கத்தைப் படிக்கவில்லை. மாமியின் கணவரைத்தான் படித்திருக்கிறது. பெரிதாக ஏதாவது நடப்பதற்குச் சில நாள் முன்பாக, ஏதோ காரணத்தால் செய்தியை அவர் மொழிபெயர்க்கவில்லை. குரல் அவருடையது, எழுத்து வேறு யாருடையதோ. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு "ஆம்" என்றிருக்கிறது. இப்போது நாள் தவறாமல் "ஆம்" என்றால், நாள் தவறாமல் வேறு யாரோ எழுதுகிறார்கள் என்று அர்த்தம். அவர் வாயை மட்டும் அசைக்கிறார்.

அவர் மேல் அங்கே நம்பிக்கை போய்விட்டதா? உடம்பு சரியில்லையா? எழுத அலுத்துப்போய் வேறு ஆளிடம் தள்ளிவிட்டாரா? நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமி மெஷினை அணைக்கச் சொன்னார். பத்து வருடம் அங்கே இருந்தால் ஒரு மனுஷனுடைய தமிழ் தானாகவே மாறிப்போகலாம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அந்தச் சமாதானம்தான் அவரை அதிகம் வருத்தியது என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வானொலியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் அப்போது இப்படிப்பட்ட ஒலிபரப்புகளுக்கு நேயர்கள் நிறைய உண்டு. மாமி ஒரு தபால் அட்டை போட்டார். 'ஆனால்' என்பதற்கும் 'எனினும்' என்பதற்கும் என்ன வேறுபாடு, எங்கே எதை எழுத வேண்டும்? கீழே தன் பெயரும் அபிராமபுரம் முகவரியும். அவ்வளவுதான்.

பதில் வரப் பல வாரம் ஆயிற்று. அன்று நானும் இருந்தேன். கேள்விகளை மாமியின் கணவர்தான் ஒவ்வொன்றாக வாசித்தார். மாமியின் கேள்வி வந்தபோது அதையும் வாசித்தார். பெயரைச் சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஒரு நேயர் என்றார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பதில் சொன்னது அவரல்ல, ஒரு பெண். அந்த நாட்டுக்காரி என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஒவ்வொரு எழுத்தையும் துலக்கி வைத்ததுபோல் ஒரு தமிழ். இரண்டு சொல்லும் ஒரே பொருளைத் தருவன, எனினும் 'எனினும்' என்பது எழுத்து நடைக்குக் கூடுதல் அழகு சேர்ப்பது என்றாள். அதற்குப் பிறகு நாட்டுப்புற இசை போட்டார்கள்.

மாமி பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த 'ழ'வைக் கேட்டியோ? அவர் சொல்றாப்பலயே இருக்கு. அவர்தான் சொல்லிக் கொடுத்திருக்கார்" என்றார்.

அந்தப் பெண்ணின் பதிலை மெஷினுக்குக் கொடுக்கலாமா என்று மறுநாள் மாமியே கேட்டார். கொடுத்தோம். சின்னப் பதில்தான், அதை வைத்து உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. மெஷின் "ஆம்" என்றது. அதாவது, இந்த மாதங்களில் அவர் வாசித்துக்கொண்டிருந்ததெல்லாம் இந்தத் தமிழாகத்தான் இருக்க வேண்டும். அவள் அவரைக் கண்காணிக்கிறவளா, அவரிடம் படித்தவளா, அவரோடு இருக்கிறவளா? மூன்றும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். எதுவுமே உண்மையில்லாமலும் இருக்கலாம். மாமி மறுபடி சுருக்கெழுத்து எடுக்க உட்கார்ந்தார். முன்பெல்லாம் செய்தி முடிந்ததும் எடுத்ததைப் படித்துப் பார்ப்பார். இப்போது அப்படியே மூடி வைத்துவிடுவார்.

மெட்ராஸ் சென்னையாகிக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. அந்த நாட்டு வானொலி சில மொழிகளை நிறுத்தியது. அதில் தமிழும் ஒன்று. அதை எங்கள் மெஷின் முன்கூட்டிச் சொல்லவில்லை. மாமியின் கணவர் ஊருக்குத் திரும்பி வந்தார்.

வந்த ஒரு வாரத்துக்குள் நான் பார்க்கப் போனேன். தடித்த கண்ணாடி போட்ட, தலை முழுக்க நரைத்த, மென்மையான மனிதர். நான் யார் என்று மாமி என்ன சொல்லியிருந்தார் என்று தெரியவில்லை. கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் பெண் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அவர் எல்லாவற்றையும் தாராளமாகப் பேசினார், மறைக்க ஒன்றுமில்லாதவர் போல. நானே மெல்ல, அங்கே செய்தியை எழுதுவதும் நீங்கள்தானா என்று கேட்டேன். பெரும்பாலும் நான்தான் என்றார். முக்கியமான நாள் வருகிறது என்றால் வெளிநாட்டுக்காரர்களையெல்லாம் எழுத்து வேலையிலிருந்து ஒதுக்கிவிடுவார்களாம். அவர்களே எழுதி வைத்திருப்பதைப் போய் வாசிக்க வேண்டியதுதான். அதை ஒரு வேடிக்கைபோலச் சொன்னார். மெஷின் கண்டுபிடித்தது சரி என்று எனக்கு மனதுக்குள் ஒரு துள்ளல். மாமியைப் பார்த்தேன். அவர் டிகாக்ஷனை அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"கடைசி ஒண்ணரை வருஷம் நான் ஒண்ணுமே எழுதலை" என்று அவரே தொடர்ந்தார். "கண்ணுல புரை. சின்ன எழுத்து தெரியலை. நான் தமிழ் சொல்லிக்கொடுத்த பொண்ணு ஒருத்தி அங்கேயே வேலைக்கு வந்திருந்தா. அவதான் மொழிபெயர்த்து, பெரிய பெரிய எழுத்தா எழுதிக் கொடுப்பா. நல்ல பொண்ணு. நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. கண் போச்சுன்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவா இல்லையோ."

மாமியின் கை நிற்கவில்லை. பாலை ஊற்றினார், ஆற்றினார், முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தார், அடுத்ததை அவரிடம் கொடுத்தார். மாமாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. காபி நன்றாக இருக்கிறது, இதற்காகவே எப்போதோ வந்திருக்கலாம் என்றார். இத்தனை காலமாக அந்த வீட்டில் அவர் சொல்லாததையே தேடிக்கொண்டிருந்தோம். ஊருக்கு வர மனமில்லாமல் இருந்ததை அவர் வாயாலேயே சொன்னார், தெளிவான தமிழில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. நான் காபியைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மாமி பயிற்சி நிலையத்துக்கு வந்தார். வெகுநாள் கழித்து வந்தவர், குடையை மூலையில் சாய்த்து வைத்துவிட்டு நேராக அந்தப் பழைய மெஷினிடம் போனார். கையோடு கொண்டுவந்திருந்த காகிதங்களைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார். புதிதாக என்ன செய்தி என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன். செய்தி இல்லை. சாதம் குழைந்துவிட்டது என்றிருந்தது. மின்விசிறி சத்தம் போடுகிறது, மந்தைவெளிக்கு எந்த பஸ் போகிறது, பக்கத்து வீட்டில் யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், முழங்காலுக்குத் தைலம் இருக்கிறதா? வீட்டில் மாமா பேசியதை மாமி சுருக்கெழுத்தில் எடுத்து வைத்திருக்கிறார். எப்போது எடுத்தார், அவர் பார்க்கும்போதா பார்க்காதபோதா என்று நான் கேட்கவில்லை.

"ஒரு தரம் போட்டுப் பாரேன்" என்றார்.

எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவும் முடியவில்லை. ஒவ்வொரு நாள் பேச்சாகப் போட்டேன். எல்லாவற்றுக்கும் மெஷின் "ஆம்" என்ற ஒரே பதிலைத்தான் சொன்னது. அதாவது, இது அவர் தமிழ் இல்லை.

நான் அவசர அவசரமாக விளக்கினேன். இதற்கு அர்த்தமே கிடையாது மாமி என்றேன். வீட்டில் பேசுகிற பேச்சில் 'என்றார்' வராது, 'ஆனால்' வராது, எஃகு வராது, பால் பண்ணை வராது. மெஷினுக்கு அவருடைய வீட்டுப் பேச்சை நாம் காட்டியதே இல்லை, அதனால் அதற்குத் தெரியாது. "அதுக்கு அவர் படிச்ச செய்தி மட்டும்தான் மாமி தெரியும்."

மாமி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் அது மட்டும்தாம்மா தெரியறது" என்றார்.

பிறகு காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டார். அவருக்குச் சாயங்காலம் ஏதாவது டிபன் பண்ண வேண்டும், வெளியில் வாங்கினால் ஒத்துக்கொள்வதில்லை என்றார். குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார். கூடப் போயிருக்கலாம். ஜன்னலில் நின்று, பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் சண்டை போட்டதாகவோ பிரிந்ததாகவோ எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது, மாமிதான் கையைப் பிடித்து அழைத்துப்போய் வந்தார். கோயிலுக்கும் கச்சேரிக்கும் சேர்ந்து போனார்கள் என்று கேள்வி. மெஷினைச் சார் விற்றுவிட்டார். நான் வேறு வேலைக்கு மாறினேன்.

கடைசியாக அந்த வீட்டுக்குப் போனது ஒரு மாலை நேரத்தில். படியேறும்போதே அவர் குரல் கேட்டது. அந்தப் பழைய குரல், அவசரமில்லாமல், சொல் சொல்லாக. வாசல் கதவு திறந்திருந்தது. மாமா ஜன்னல் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அன்றைய தமிழ்ப் பத்திரிகையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். மாமிதான் வாசிக்கச் சொல்வாராம். குடிநீர் லாரி, மாநகராட்சிக் கூட்டம், வாடகைக்கு வீடு, எல்லாமே அந்தக் குரலில் பெரிய செய்தியாகி வந்தன. மாமி எதிரில் தரையில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். கையில் பென்சில் இல்லை. முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே போவதா, திரும்பிவிடுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றேன்.

ஒரு பக்கம் முடிந்தது. மாமா பத்திரிகையை மடித்தார். "காபி இருக்கா?" என்று தன் சாதாரணக் குரலில் கேட்டார்.

மாமி திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். வெளியாள் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதைப் போல, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.